டம்ளருக்குள் இரண்டு சீட்டு

“தொழுதுட்டு வந்துர்றேன். வந்ததும் ஒரு சீட்டை எடுப்போம், மத்ததையும் பிரிச்சுக் காட்டிருவோம், வழக்கம்போல” என்று சொல்லிவிட்டுக் காசிம் பாய் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். மத்ததையும். அந்த ஒரு சொல்லை நீலமேகம் எதிர்பார்க்கவில்லை. வழக்கம்போல என்று வேறு சொல்கிறார் மனுஷர். வழக்கமாம் வழக்கம். கடைசியாகச் சீட்டுப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, அப்படியொரு வழக்கம் இருப்பதையே அவன் சுத்தமாக மறந்து போயிருந்தான், மறந்து போனதால்தான் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அடுக்களைக்குள் நின்றுகொண்டு அந்தக் காரியத்தைச் செய்தான். சாப்பாட்டு மேஜையின் நடுவில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. டம்ளரின் மேல் மூடியாக ஒரு சின்னத் தட்டு. உள்ளே நாலாக மடித்த இரண்டு சீட்டு. ஒன்றில் இருதயம் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றிலும் இருதயம் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதிய கை பால் குடித்த பூனைபோல ஒன்றும் தெரியாமல் மேஜைமேல் கிடந்தது. எதிர் நாற்காலியில் அந்த இருதயம், முழுப்பெயர் இருதயராஜ், பதினெட்டு வருஷச் சிநேகிதன், முறுக்கை நாலாக உடைத்து ஒரு துண்டைக்கூட வாயில் போடாமல் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து நாற்காலியில் மனைவி அரசி. இரண்டாவது சீட்டில் இருந்திருக்க வேண்டியது அவள் பெயர். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு, தனக்கு நியாயமாகப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாய்ப்பே இல்லை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தொழுகைக்குப் பாய் போனால் இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் மத்ததையும் பிரித்துக் காட்டுவார்கள்.

இத்தனைக்கும் இது விளையாட்டு. வெளியாளிடம் சொன்னால் சிரிப்பான். நாற்பது தாண்டிய நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருச்சி கே.கே. நகரில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கொரு வீரனையோ திருடனையோ மனசுக்குள் உண்டாக்கி, அவன் பெயரில் பேசி, இருபது முகமுள்ள பகடையை உருட்டி, இல்லாத ஒரு நாட்டின் குகைகளில் இல்லாத பூதங்களோடு சண்டை போட்டுப் புதையல் எடுக்கிறார்கள். காசிம் பாய் கதையை நடத்துவார். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். எட்டு வருஷமாக நடக்கிறது. எடுத்த புதையலைப் பங்கு போடுவது நீலமேகத்தின் வேலை. அவன் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவன். ஒரு சொட்டு மஞ்சள் கூடினால் சுவர் முழுக்கக் கெட்டுப் போகும் என்று தெரிந்த கை, அதனால் இவன்தான் சரி என்று முதல் நாளே பாய் சொல்லிவிட்டார். பங்கு போடுகிறவன் கடைசியில் எடுக்க வேண்டும், அதுதான் முதல் சட்டம். வாளும் கேடயமும் மோதிரமும் எல்லாரும் பொறுக்கிய பிறகு மிச்சம் என்ன கிடக்கிறதோ அது அவனுக்கு. எட்டு வருஷத்தில் அவனுடைய திருடன் சாத்தன் ஓட்டை விளக்கும் துருப்பிடித்த சாவியுமாகத்தான் அலைகிறான். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று ஆரம்பத்தில் சௌரி கேலி செய்வான். சௌரி அப்போது ஐந்தாவது ஆளாக இருந்தான். பிறகு கேலி கேலியாக இல்லை. ஒரு வெள்ளிக் கேடயத்துக்கு அவனும் இருதயமும் ஒரே நேரத்தில் ஆசைப்பட, சீட்டுப் போட, இருதயத்துக்கு விழ, சௌரி எழுந்து நின்றுகொண்டு “குரங்கு அப்பம் பங்கு வச்ச கதையா இருக்கே, எங்க, மத்த சீட்டையும் பிரி பாப்போம்” என்றான். பிரித்தார்கள். சௌரி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அன்றைக்கு நீலமேகம் சுத்தம். சௌரி முகம் செத்துப் போய்ச் செருப்பைத் தேடினான், அதோடு வரவில்லை. இன்றைக்கும் தில்லைநகரில் எதிரே பார்த்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறான். அன்றைக்குத்தான் பாய் சட்டம் போட்டார், இனிமேல் எப்போது சீட்டுப் போட்டாலும் மற்றதையும் பிரித்துக் காட்ட வேண்டும், யாருக்கும் மனசில் கறை இருக்கக் கூடாது என்று. இவனுடைய நேர்மையைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டமே வந்தது. அதை இவன் மறந்தான்! மறந்தவன் மறந்தபடியே இருந்திருக்கக் கூடாதா, பாய் வாசல்படியில் வைத்து ஞாபகப்படுத்த வேண்டுமா.

பால்கனியில் இரண்டு லவ் பேர்ட்ஸும் ஒன்றை ஒன்று திட்டிக்கொள்வதுபோல் கத்தின. இருதயம் முறுக்கிலிருந்து தலையை நிமிர்த்தி, “தினை போட்டீங்களாம்மா?” என்றான். “காலையிலேயே போட்டுட்டேன் அண்ணே” என்றாள் அரசி. அந்தக் கூண்டு போன வாரம் இருதயம் கொண்டுவந்தது. ஆட்டோவில் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏன் அண்ணே, ஆசையா வளத்தீங்களே என்று அரசி கேட்டதற்கு, “எனக்கெதுக்கும்மா, நீங்க வச்சுக்குங்க” என்றான். அதற்கு முந்தின வாரம் சைக்கிளை அவன் குடியிருப்பின் வாட்ச்மேனுக்குக் கொடுத்திருந்தான். அதற்கு முன்னால் மிக்ஸி, எதிர்வீட்டு டெய்லரம்மாவுக்கு. படம் வரையும் பலகை, அதன் மூன்று கால்கள், ஒரு பெட்டி நிறைய வண்ணங்கள், எல்லாம் மேலப்புதூரில் யாரோ ஒரு பெண் குழந்தைக்கு. எனக்கெதுக்கு, எனக்கெதுக்கு. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பையே எடுத்துவிட்டார்கள், ஓவிய வாத்தியாரையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி பிலோமினா மகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போனாள், கோபத்தில் இல்லை, பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக என்றான், பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜூன் மாதம் அந்த நாளில் இருதயம் மூன்று தடவை ஃபோன் அடித்தான். நீலமேகம் கடையில் கிளிப்பச்சை கலந்துகொண்டிருந்தான், எடுக்கவில்லை, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தான், சாயங்காலம் மறந்தது. மறதி. மனுஷன் தனக்கு வசதியானதைத்தான் மறக்கிறான் என்று யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, இவனேதான் இப்போது சொல்லிக்கொள்கிறான். இருதயம் தன் வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாகத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டே வருகிறான். கொடுத்து முடிந்த பிறகு என்ன. அந்தக் கேள்வி வந்ததும் நீலமேகத்தின் மனசு சட்டென்று திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது, நாலு ஐம்பது, கடிகாரத்திலிருந்து நாட்காட்டிக்குத் தாவியது, தேதி கிழித்த தாளில்தான் அந்தச் சீட்டுகளை எழுதினான், சனிக்கிழமைத் தாள், மறுபடியும் டம்ளர், மறுபடியும் அடுக்களை.

அடுக்களையில் என்ன நடந்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. தாளை இரண்டாகக் கிழித்தான், அது தெரியும். முதல் துண்டில் இருதயம் என்று எழுதி மடித்தான். இரண்டாவது துண்டில் அரசி என்று எழுத வேண்டும், மூன்றே எழுத்து, பன்னிரண்டு வருஷமாகக் கூப்பிடுகிற பெயர். பேனா தாளில் பட்டது. ஹாலிலிருந்து அவள் குரல், “எழுதிட்டீங்களா?” என்றது. “ஆச்சு” என்றான். குனிந்து பார்த்தால் இ என்று தொடங்கியிருந்தது. கை எழுதிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கை எழுதியது என்றால் மிச்ச எழுத்துகளை யார் எழுதினார்கள்? இ என்று பார்த்த உடனே அடித்துவிட்டு வேறு தாள் கிழித்திருக்கலாம். நாட்காட்டியில் தாளுக்கா பஞ்சம், டிசம்பர் வரைக்கும் கிடக்கிறது. இல்லை, அவன்தான் எழுதினான், தெரிந்துதான் எழுதினான், நாலாக மடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எட்டு வருஷம் ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் பங்கு போட்டவன், பெண்டாட்டியின் பெயரைத் தின்றுவிட்டான். வேறு என்ன செய்வது? நேராகக் கல்லை இருதயத்துக்கே கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் இருதயம் வாங்க மாட்டான். புதன்கிழமை ஃபோனில் அதையும் சொல்லியிருந்தான். “பாவம் பாத்துக் குடுத்தீங்கன்னா எனக்கு வேணாம்டா. முறையா வந்தா வாங்கிக்கிறேன்.” முறையாக வர வேண்டுமாம். முறையாக வருவதற்கு முறைகேடுதான் வழி என்று ஆகிப்போனது, இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது.

கல் என்பது உயிர்க்கல். இன்றைக்குச் சாத்தன் பூதத்தின் பெட்டகத்தைத் திறந்தபோது பொன்னும் மணியும் வழக்கம்போலக் கொட்டிக் கிடக்க, அடியில், போன வாரமே பாய் கோடி காட்டியிருந்தபடி, அது இருந்தது. செத்த ஒருவரை எழுப்பும். ஒரே ஒருவரை. செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் கொற்றன், இருதயத்தின் வீரன், எட்டு வருஷத்து ஆள், இடது காதில்லாதவன், நாட்டின் வரைபடம் முழுவதையும் நடந்தே அளந்தவன். அந்த வரைபடத்தையும் இருதயம்தான் தன் கையால் வரைந்தான், ஆறு தாள் ஒட்டி, ஆற்றுக்கு நீலம் பூசி. இன்னொருத்தி வெண்ணி, அரசியின் வில்லாளி, ஆட்டத்துக்குள் வந்தே ஏழு மாதம்தான் ஆகிறது. இருவரையும் கொன்றவன் யார் என்று கேட்டால் பாய் பூதம் என்பார், பகடை என்பார். நீலமேகத்துக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் நிலவறையின் கல்கதவு இறங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தூக்கிப் பிடித்திருந்த சங்கிலி சாத்தனின் கையில். உள்ளே இரண்டு பேர் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். “சாத்தன் என்ன பண்றான்?” என்று பாய் கேட்டார், எப்போதும் கேட்கிற மாதிரிதான். பிடித்துக்கொண்டு நின்றால் பகடை உருட்ட வேண்டும், பன்னிரண்டுக்குக் குறைந்தால் சாத்தனும் நசுங்குவான். விட்டுவிட்டு வெளியே குதித்தால் ஒன்றும் ஆகாது. “விட்டுர்றான் பாய்” என்றான் நீலமேகம், யோசிக்கக்கூட இல்லை. பந்திக்கு முந்து படைக்குப் பிந்து என்று அரசி அப்போது சிரித்தாள், இருதயமும் சிரித்தான், சிரித்துக்கொண்டே கொற்றனின் பலமும் ஆயுதமும் எழுதிவைத்த தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மற்றவர்கள் என்றால் கிழித்துப் போடுவார்கள். அந்தத் தாள் இன்றைக்கும் அந்தப் பையில்தான் இருக்கும். புதுசாக ஒரு ஆளை உருவாக்கிக்கோடா என்று நீலமேகம் சொன்னதற்கு, “இந்த வயசுல புது ஆளா?” என்றான். “கொற்றன் எந்திரிச்சா நானும் வர்றேன். இல்லேன்னா என்னை விட்டுருங்கடா, ஞாயித்துக்கிழமையாச்சும் தூங்குறேன்.” ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவன் முகச்சவரம் செய்கிறான். மற்ற ஆறு நாளும் அவனைப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. இன்றைக்கும் செய்திருந்தான், தாடைக்குக் கீழே சின்னதாக வெட்டுப்பட்டிருந்தது, அதில் துளி காகிதம் ஒட்டியிருந்தது.

“டீ போடட்டுமா?” என்று அரசி எழுந்தாள். எழுந்தவள் போகாமல் டம்ளரின் மேலிருந்த தட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டி, “வெண்ணி, கொஞ்சம் பொறுத்துக்கடி” என்றாள். இருதயம் சிரித்தான். நீலமேகமும் சிரிக்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அரசி எதையும் எனக்கு வேணும் என்று கேட்டதில்லை. பந்தியில் கடைசி, பஸ்ஸில் நடு சீட்டு, கோழிக்குழம்பில் கழுத்து. உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க என்பதே அவள் பேச்சு. பங்கு போடுகிறவன் கடைசியில் எடுக்கிற சட்டம் பாய்க்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும், அவள் அப்படித்தான் வாழ்க்கை நடத்தினாள். அவள்தான் இன்றைக்குப் பெட்டகம் திறந்ததும் மேஜையைத் தட்டி, “எனக்கும் வேணும். நானும் சீட்டுல இருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். அவனுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் வந்தது, அந்தச் சந்தோஷத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே பயமும் வந்தது. போன மாதம் அக்கா வீட்டில் அவள் சொன்னாள், காதுபடச் சொன்னாள், “அவர் பங்கு போட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குவேன்க்கா.” மூடிய கண். அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அரசி, இருதயத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, நீ விட்டுக்கொடு என்று. உடனே விட்டுக்கொடுத்திருப்பாள், அதுதானே அவள் வழக்கம். ஆனால் பயத்தை வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும். வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் வெறும் சந்தேகம், வெறும் கூண்டு, வெறும் சைக்கிள். தவிர, அவள் முதன்முதலாகக் கேட்டதை விட்டுக்கொடு என்று எந்த வாயால் சொல்வது. கேட்காமலேயே பிடுங்கிக்கொண்டால் மட்டும் யோக்கியமா? இல்லை. அதுவும் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது, தெரிந்து என்ன பண்ண, செக்குமாடு மாதிரி மனசு இதே நாலு இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

அரசி அடுக்களைக்குப் போனாள். லைட்டர் இரண்டு தடவை சொடுக்கியது, மூன்றாவதில் பற்றியது. இப்போது மேஜையில் இருதயமும் அவனும் டம்ளரும். இப்போதுதான் செய்ய வேண்டும், செய்தால். ஒரு சீட்டை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டால்? ஒரு சீட்டைக் காணோம் என்பார்கள். புதுசாக அரசி என்று எழுதி ஒன்றை மாற்றி வைத்தால்? எழுத வேண்டுமே, பேனா அடுக்களையில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது, அங்கே அவள் நிற்கிறாள். சரி, எப்படியோ மாற்றிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம், பிறகு? பிறகு பாதிக்குப் பாதி. அரசிக்கு விழுந்தால் இருதயம் எழுந்து போவான், அடுத்த ஞாயிறு முகச்சவரம் செய்ய மாட்டான். மாற்றாமல் விட்டால் பாய் மத்ததையும் பிரிப்பார், அதிலும் இருதயம் என்று இருக்கும், அரசி அதைப் படிப்பாள். அவள் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயமே. டீயைக் கொட்டிவிடலாம் என்று தோன்றியது. டம்ளருக்குள் டீ கொட்டிவிட்டால் மை கரைந்து, அடடா, போச்சே, வேறு எழுதுவோம். நல்ல யோசனை. சிறுபிள்ளை யோசனைதான், ஆனால் வேறு இல்லை. அதற்குள் அரசி மூன்று கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். நீலமேகம் தன்னுடையதை எடுக்கிற மாதிரிக் கையை நீட்டி, தட்டைத் தள்ளி, டீயைச் சாய்த்தான், சாய்க்கும்போதே இருதயத்தின் கை வந்து சீட்டிருந்த டம்ளரை லாகவமாகத் தூக்கிவிட்டது. “பாத்துடா. நனைஞ்சிரப் போவுது” என்றான் இருதயம். டீ மேஜைமேல் ஓடி வரைபடத்தின் ஓரத்தைத் தொட்டது. ஆற்றின் நீலம் லேசாகக் கசிந்தது. அரசி துணி எடுக்க ஓடினாள். இருதயம் டம்ளரை நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்தபடி, தான் வரைந்த ஆறு கசிவதை ஒரு பதற்றமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய இருதயம் என்றால் குதித்திருப்பான். ஒரு தாளில் கிண்ணம் வைத்த வட்டம் பதிந்ததற்காக ஒரு வாரம் நீலமேகத்தோடு பேசாமல் இருந்தவன் அவன். இப்போது, “விடுடா, பழைய படம்தானே” என்றான்.

இருதயம், என்று கூப்பிட நினைத்தான் நீலமேகம். இருதயம், ஏண்டா எல்லாத்தையும் குடுக்குற? நாலே சொல். கடையில் முன்பின் தெரியாத ஆளிடம் உங்க படுக்கையறை எந்தப் பக்கம் பாத்திருக்கு, காலை வெயில் வருமா என்றெல்லாம் கேட்கிறவன்தான். இதைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது? “இருதயம்” என்றான். “ம்?” “தாடையில பேப்பர் ஒட்டியிருக்கு.” இருதயம் தடவி எடுத்து, விரலில் இருந்த அந்தத் துளிக் காகிதத்தைப் பார்த்து, ஊதிவிட்டான். அவ்வளவுதான் கேட்க முடிந்தது. துணி வந்தது, மேஜை துடைக்கப்பட்டது, வரைபடம் ஃபேனுக்கு அடியில் விரிக்கப்பட்டது, நாலு பக்கமும் பகடைகளை வைத்தார்கள் பறக்காமல் இருக்க. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. காசிம் பாய் நிதானமாக ஏறுவார், முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. நீலமேகம் எண்ணினான். பதினான்கு படி. எண்ணி முடிப்பதற்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. பாய்தான் வந்தார்.

“யார் எடுக்கிறது?” என்றார் பாய், உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே. “முதல்ல செத்தவன் எடுக்கட்டும். இருதயம், நீதான்.” இருதயம் டம்ளருக்குள் இரண்டு விரலை விட்டான். சீட்டு வெளியே வந்தது. நீலமேகத்துக்குக் காது அடைத்துக்கொண்டது, பறவைகள் கத்துவதுகூட எங்கேயோ பக்கத்துத் தெருவில் கத்துவதுபோல் இருந்தது. இருதயம் சீட்டைப் பிரித்தான். படித்தான். ஒரு பெயரைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்று வந்தது. சிரிப்பு மாதிரி, வெகுநாள் கழித்து யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி. உடனே அது போய்விட்டது. பிறகு தலையைத் தூக்கி எதிரே கையைக் கோத்துக்கொண்டிருந்த அரசியைப் பார்த்தான். “அரசி” என்றான்.

அந்த டம்ளருக்குள் அரசி என்ற பெயரே கிடையாது. அரசி, “ஐயோ, நெசமாவா!” என்று கத்திவிட்டு, கத்தியதற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். இருதயம் சீட்டை மறுபடியும் நாலாக மடித்து, கொற்றனின் தாள் இருந்த அதே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மற்றதைப் பிரித்தால் தன் பொய் பிடிபடுமே என்ற கவலைகூட அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. “மத்ததையும் பிரிச்சிருவோம்” என்று பாய் டம்ளரைக் கவிழ்த்தார். சீட்டு விழுந்தது. பாய் பிரித்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்து, எல்லாருக்கும் காட்டினார். இருதயம் என்று இருந்தது. “சரியா இருக்கு. பங்குன்னா நீலமேகம் பங்குதான்யா, கோடு போட்ட மாதிரி.” எல்லாம் சரியாக இருந்தது. எடுத்தது அரசி, மிச்சம் இருதயம், கணக்குக் கச்சிதம், அவன் செய்த திருட்டு இருந்த தடமே இல்லாமல் மூடிப் போயிற்று. மூடியவன் எதிரே உட்கார்ந்திருந்தான். பாயின் கையிலிருந்த சீட்டில் தன் பெயரைப் பார்த்ததும் இருதயத்தின் கண் மெல்லத் திரும்பி நீலமேகத்திடம் வந்து நின்றது. தெரிந்துவிட்டது. இரண்டிலும் தன் பெயர்தான் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நன்றி மாதிரி ஏதோ இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. “அண்ணே, உங்களுக்கு வருத்தம் இல்லையே?” என்று அரசி கேட்டாள். “எனக்கெதுக்கும்மா,” என்றான் இருதயம், “நீங்க வச்சுக்குங்க.” பிறகு வரைபடத்தின் மூலையில் வைத்திருந்த தன் பகடையை, எட்டு வருஷமாக வேறு யாரையும் தொடவிடாத சிவப்புப் பகடையை, எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். “இதையும் வச்சுக்குங்க. வெண்ணி எந்திரிச்சதும் இதுலயே உருட்டுங்க. நல்லா விழும்.”

சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும், பொய், அந்தச் சீட்டில் உன் பெயர்தான் இருந்தது, பையிலிருந்து எடு என்று. சொன்னால் அரசியின் முகம் என்ன ஆகும், இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளத்துக்கு வாய் ஏது. பாய் உற்சாகமாகக் கதையை எடுத்துவிட்டார். கல் ஒளிர்கிறது, வெண்ணியின் விரல் அசைகிறது, அரசி சிவப்புப் பகடையை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினாள், பதினேழு விழுந்தது, கை தட்டினாள். இருதயம் நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளினான், எழுந்திருக்கப் போகிறவன் தள்ளுவதுபோல. நீலமேகத்தின் வலது கை மேஜைக்கு அடியில் போயிற்று. போய் இருதயத்தின் மணிக்கட்டைப் பிடித்தது. இருதயம் ஒரு தடவை இழுத்தான். நீலமேகம் விடவில்லை. “விடுடா” என்றான் இருதயம், உதடு மட்டும் அசைய. விடவில்லை. தோலுக்கு அடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், யார் வீட்டு விசேஷமோ என்பதுபோல. “நீலமேகம், உன் முறை. சாத்தன் என்ன பண்றான்?” என்றார் பாய். நீலமேகம் இடது கையால் பகடையை எடுத்தான், அந்தக் கைக்கு உருட்டிப் பழக்கமில்லை. “பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாய்” என்றான். “எதைப் பிடிச்சுக்கிட்டு?” என்று பாய் சிரித்தார், அரசியும் சிரித்தாள். நீலமேகம் பிடியை மட்டும் இறுக்கினான். மணி ஐந்தே கால் ஆகியிருந்தது. ஆறு மணிக்கு ஆட்டம் முடியும், எல்லாரும் எழுந்திருப்பார்கள்.